அகழிக்கரை லைட்டைப் பற்றி சேகருக்கு

சேகர்,

மலையனூர்த் தாய் பக்கத்தில் நிற்கிறாள் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் கடிதம் வந்தது. டூட்டி முடிந்து வந்த உன் நைனா காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே அதைப் படித்துவிட்டு, "புத்தி வந்துடுச்சுடி உம்புள்ளைக்கு" என்று சொல்லி, திரும்பவும் கடைத்தெருவுக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். இத்தனை வருஷமாகத் திண்டிவனம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, நின்றே காலம் தள்ளியவர். பிள்ளை பேங்கில் ஃபேனுக்குக் கீழே உட்காரப்போகிறான் என்றால் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்தை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன், வைத்தது வைத்தபடி இருக்கிறது. பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆராய்ச்சியை விடப்போகிறேன் என்கிறாய். மாசக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால் பேரை எடுத்துவிடுவார்கள், பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பப் பாரம் வாங்கியாகிவிட்டது என்கிறாய். எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: யோசித்தால் கை கட்டிப்போகிறது, செய்தால் தப்பாகப் போகிறது, எனக்கு இரண்டும் வேண்டாம். அந்த வரி எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். நீ ஆராய்ச்சிக்குப் படிக்கிற, தத்துவம் எழுதின ஜெர்மனிக்காரர்களைப் பற்றியது இல்லை அது. நம் தெருமுனையில் நீங்கள் போட்ட அகழிக்கரை லைட்டைப் பற்றியது. அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நீ கேட்கவில்லை, நானும் உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டேன். மாசக் கடைசிக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். உன் கூட்டாளி மணி இதைத் தன் பத்திரிகையில் போடக் கேட்டிருக்கிறான். இந்தக் கதைக்குரிய வள்ளியிடமும் சொன்னேன். "தாராளமா போடச் சொல்லு, நான் பேசினத மட்டும் மாத்தாத" என்றாள். நம் வீட்டைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அப்போது நீ காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீயும் மணியும் இன்னும் சில பையன்களும் நம் கூடத்தில் கூடுவீர்கள். வாசிப்பு வட்டம் என்று பேர். மெட்ராஸிலிருந்து யாரோ தமிழ்ப்படுத்தி அனுப்பினதை மணி சைக்ளோஸ்டைலில் உருட்டிக் கொண்டுவருவான், கையெல்லாம் மையாக இருக்கும். நான் அடுப்படியில் டீ போடுவேன். நீங்கள் பேசப்பேச டம்ளர் காலியாகிக்கொண்டே இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைவிட அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் பேச்சு நன்றாகக் கேட்கும். கூடத்தில் அவனவன் தான் அடுத்துச் சொல்லப்போவதையே நினைத்துக்கொண்டிருப்பான். எனக்கு அந்தக் கவலை இல்லை. மணி என்னைச் சீண்டுவான், "அம்மா, நீங்க வெளக்கு ஏத்தறத நிறுத்துனாதான் புரட்சி வரும்" என்று. வர்ற தேதியைச் சொல்லுடா, அன்னிக்கு ஒரு நாள் ஏத்தாம இருக்கறேன் என்பேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். அப்புறம் படித்ததெல்லாம் பொட்டலம் கட்டி வந்த பேப்பர், வாரப் பத்திரிகை, புராணம், அதற்கப்புறம் உன் தாள்கள். நீங்கள் கலைந்து போன பிறகு பாயைச் சுருட்டும்போது கிடைப்பதை எடுத்துவைத்துப் படிப்பேன். பாதி புரியாது. புரிந்த பாதி இதுதான். மனுஷனை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் என்று நம்பின அறிவு, எப்படி அவனையே கட்டி மேய்க்கிற கயிறாக மாறியது என்று அந்த ஜெர்மனிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தானாக அமைந்த மாதிரி நம் கண்ணுக்குத் தெரிகிற எந்த ஏற்பாட்டையும் யாரோ ஓர் இடத்தில் நின்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள் என்றார்கள். நீ அதை ஒரு கேள்வியாக்கி வைத்திருந்தாய். எதை எடுத்தாலும், "யார் நின்ன எடத்துல இருந்து பாத்து இதச் செஞ்சாங்க?" என்பாய். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உன் நைனாவிடம், பஸ் படியை ஏன் இவ்வளவு உசரமாக வைத்திருக்கிறார்கள், சேலை கட்டினவள் ஒருத்தியாவது ஏறிப் பார்த்துச் சொன்ன உசரமா அது என்று கேட்டேன். சிரித்தார். மறுநாள் வந்து, "இன்னிக்குப் பூரா அதத்தான்டி பாத்துனு இருந்தேன்" என்றார்.

உங்கள் பேச்சில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. நான் தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். கூட்டின உடனே பிசிறில்லாமல் நேராக வந்துவிட்டால் எனக்குப் பயம் வரும், எதையோ எழுத மறந்திருப்பேன். உங்கள் பேச்சில் எல்லாமே உடனே நேராக வந்துவிடும்.

இப்படிப் பேசிக்கொண்டே இருக்கிறோமே, எதைச் செய்தோம் என்று உங்களுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டை வந்தது. அதற்கப்புறம்தான் லைட்டு. கோட்டை அகழி ஓரமாகப் போகிற பாதையில் வெளிச்சமே இல்லை, பொழுது விடிவதற்கு முன்னாலும் பொழுது சாய்ந்த பிறகும் பொம்பளைகள் அந்த இருட்டில் போகிறார்கள், பாம்பு கடித்தால் என்ன ஆவது என்று உங்களுக்கு மனசு பதைத்தது. நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கினீர்கள். வீட்டுக்கு ஒன்று என்றதால் எல்லாம் ஆம்பளைக் கையெழுத்து. பஞ்சாயத்து ஆபீஸ் எதிரில் உட்கார்ந்தீர்கள், கோஷம் போட்டீர்கள், கடைசியில் கம்பம் நட்டு டியூப் லைட் போட்டார்கள். அது எரிந்த முதல் சாயங்காலம் நான் பழக்க தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். மணி, "கரண்டையும் கும்பிட்டாச்சா" என்று கேட்டுச் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

விடிகாலையில் நான் வாசலில் கோலம் போடும்போது வேர்க்கடலைக் காட்டு, நம் பேச்சில் மல்லாட்டைக் காட்டு வேலைக்குப் போகிற வள்ளியும் அவள் கூட்டாளிகளும் நம் வீட்டைத் தாண்டித்தான் அகழிப் பக்கம் போவார்கள். அவர்கள் சிரிப்புச் சத்தம் முன்னால் வரும், ஆட்கள் பின்னால் வருவார்கள். லைட்டு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஏதோ சண்டை போட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து என் கோலத்தைப் போட்டேன்.

அப்புறம் லைட்டை யாரோ கல்லால் அடித்து உடைத்தார்கள். வேறு மாட்டினார்கள், அதையும் உடைத்தார்கள். உங்கள் கூடத்தில் கணக்கு ஒரு நிமிஷத்தில் கூடி வந்தது. அகழிக்கரை மண்ணை இருட்டில் லாரியில் அள்ளுகிற கான்ட்ராக்டருக்கு வெளிச்சம் ஆகாது, அவன் ஆட்கள்தான் உடைத்தார்கள். லாபம், இருட்டு, அதிகாரம் எல்லாம் அதில் பொருந்தியது. கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய்க் கத்தினீர்கள், அவர் புகார் கொடுத்தார், உங்களை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் தூக்குச் சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றிருந்தேன். அப்போதுதான் வள்ளி உள்ளே வந்தாள். காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், கணுக்கால் வரை செம்மண்.

"அந்தப் புள்ளைங்கள உடுங்க சார். லைட்ட ஒடச்சது நானு."

சப் இன்ஸ்பெக்டர் ஏன் என்றார். அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். அத்தனையும் ஆம்பளைகள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "அந்த வெளிச்சத்துல நாங்க எங்க சார் ஒக்கார்றது?"

 எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள், அவளையும்தான். நீ அவளைத் தாண்டிப் போகும்போது தலையை நிமிர்த்தவில்லை. நான் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடவில்லை. அந்த வாரமே ஆராய்ச்சியில் சேர்கிறேன் என்று மெட்ராஸ் போய்விட்டாய். பொங்கலுக்கு வந்தாலும் அகழிப் பாதையை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

உனக்குத் தெரிந்தது இதுவரைதான். இனிமேல் மீதி.

வள்ளி தன் வீட்டுக்குப் போனபோது அவள் புருஷன் பாத்திரத்தை எடுத்து வாசலில் எறிந்தான். மானத்தை வாங்கிவிட்டாள் என்று தெருவே சொன்னது. அவளோடு சிரித்துக்கொண்டு போன பொம்பளைகளே அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயைத் திறந்து சொல்லக்கூடாததை அவள் சொல்லிவிட்டாளாம். எனக்கு அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு நின்றபோது உன் கேள்விதான் வந்து முன்னால் நின்றது. அந்த லைட்டு யார் நின்ற இடத்திலிருந்து பார்த்துப் போட்டது? நம் கொல்லையில் கக்கூஸ் இருக்கிறது. நம் கூடத்தில் பேசின அத்தனை பையன்கள் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. மறுநாள் வள்ளியைத் தேடிப் போனேன். விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தேன். உடைத்தபடியே அவளே பேசினாள்.

"உங்களுக்கு அது பாதை. எங்களுக்கு அது எடம். அது மட்டும் இல்லக்கா, மாமியாளுக்குத் தெரியாம அழுவறது, சிரிக்கறது, யார் காட்ல கூலி ஒழுங்கா தர்றான்னு பேசிக்கறது, எல்லாம் அங்கதான். உம்புள்ளைங்க கூடத்துல ஒக்காந்து பேசுனாங்க. நாங்க வேலிக்காத்தான் முள்ளு மறைவுல ஒக்காந்து பேசுனோம்."

அப்படியானால் இங்கேயும் வந்து பேசுங்கள் என்று அவர்களை நம் கூடத்துக்கு அழைத்தேன். முதல் வெள்ளிக்கிழமை வள்ளி மட்டும் வந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், ஆளுக்கொரு முறம் மல்லாட்டையோடு. கை வேலையில் இருந்தால்தான் எங்களுக்குப் பேச்சு வரும். லைட்டை எடுக்கச் சொல்வோம் என்றாள் ஒருத்தி. எடுத்தால் பாம்புக்கு என்ன செய்வாய் என்றாள் இன்னொருத்தி. லைட்டு வேணாம்னு யார் சொன்னது, எங்க வேணும்னு எங்களக் கேட்டாங்களான்னுதான் என் கேள்வி என்றாள் வள்ளி. வாரக்கணக்கில் பேசினோம். உங்கள் கூட்டம் மாதிரி இல்லை, எதுவும் நேராகக் கூடி வரவில்லை. கடைசியில் கேட்பது இன்னதென்று தெளிந்தது. சுவர் வைத்த இடம், தண்ணீர், உள்பக்கம் தாழ்ப்பாள். லைட்டும் வேண்டும், ஆனால் அதன் சுவிட்ச் பஞ்சாயத்து ஆள் கைக்கு எட்டுகிற உசரத்தில் இல்லாமல் எங்கள் கைக்கு எட்டுகிற உசரத்தில் இருக்க வேண்டும்.

மனு எழுதிக் கொடுத்தோம், பதில் வரவில்லை. மறியல் செய்யலாம் என்றான் மணி. ஒரு நாள் கூலி போனால் யார் கொடுப்பது என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வேலையைப் பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் வைத்துக்கொண்டார்கள். கோஷம் இல்லை, அட்டை இல்லை. மூட்டையைப் பிரித்துக்கொட்டி மல்லாட்டை உடைத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். தோல் பறந்து ஃபைல் மேல் எல்லாம் விழுந்தது. ஃபேனைப் போட்டால் இன்னும் பறக்கும். ஆபீஸர் வெளியே வந்து, இது என்ன போராட்டம் என்று கேட்டார். "போராட்டமா? வேல செய்யறோம் சார், நீங்களும் செய்யுங்க" என்றாள் வள்ளி. நான் சாயங்காலம் வராந்தாவைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு வருவேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போவோம். எத்தனை வெள்ளிக்கிழமை என்று நான் கணக்கு வைக்கவில்லை, நம்பு. அகழிக்கரை கோட்டை இலாகா இடம், அங்கே செங்கல் வைக்கக்கூடாது என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடம் காட்டினார்கள். பொம்பளைகளுக்கான கக்கூஸ் கட்டிடம் எழும்பிவிட்டது. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பேர் இருக்கிறது, வள்ளி பேர் இல்லை. எந்த ஜெயத்தையும் மேலே இருக்கிறவர்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொள்வார்கள் என்று உன் தாள்களில் படித்திருந்தேன், அப்படியே நடந்தது. ஆனாலும் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது. சாயங்காலம் வேலையிலிருந்து வருகிறவள் சுவிட்சைத் தானே போடுகிறாள். கோலம் போடும்போது அந்தச் சிரிப்புச் சத்தம் திரும்ப வந்துவிட்டது, இப்போது பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து.

இதில் உன் பங்கு இல்லை என்கிறாயா? நீங்கள் லைட்டு போட்டது தப்புதான், அதை நான் நல்லதாக மாற்றிச் சொல்ல மாட்டேன். அந்தத் தப்பைத் தப்பென்று எனக்குக் காட்டினது எது? நீ கூடத்தில் கேட்டு, நீயே விட்டுவிட்டுப் போன கேள்வி. பஞ்சாயத்திலிருந்து கான்ட்ராக்டர் வரைக்கும் எல்லாரையும் அந்தக் கேள்வி கேட்டாய், உங்கள் கூடத்தை மட்டும் கேட்காமல் விட்டாய். அதனால் கேள்வி பொய்யாகிவிடுமா? தினமும் விளக்கு ஏற்றுகிறாயே என்ன ஆச்சு என்று என்னையும் கேட்கிறார்கள். சாயங்காலம் அந்தக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால்தான் பகலெல்லாம் யாரிடம் எப்படி நடந்துகொண்டேன் என்று எனக்கே தெரிகிறது. உன் படிப்பும் எனக்கு அந்த மாதிரிதான் படுகிறது. ஓடுகிறவர்களுக்கு நடுவில் யாராவது ஒருத்தர் நின்று பார்க்க வேண்டும். நின்று பார்த்தவன் பின்பு நடந்துவர வேண்டும், அவ்வளவுதான்.

உன்னை இப்போது கூப்பிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்டிடத்தைக் கழுவிவிட அஞ்சலையை வைத்திருக்கிறோம், ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருகிறவள். போன வாரம் வள்ளி அவளிடம், மூலையில் இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து என்றிருக்கிறாள். அஞ்சலை ஊற்றிவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, "எல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்கறீங்க. இதுல நான் போலாமா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

வள்ளி திரும்பி நடந்து வந்துவிட்டாள்.  இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "நான் ஸ்டேஷன்ல கேட்டத அவ என்னைக் கேட்டுட்டாக்கா" என்று சொல்லி அழுதாள். இப்போது எங்கள் கூட்டம் இரண்டாகக் கிடக்கிறது. அவள் நுழைந்தால் நாங்கள் நுழைய மாட்டோம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொது, கழுவுவதும் முறை வைத்து நாமே என்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் முறைக்கு யார் என்றபோது என் பேரைச் சொன்னேன். சொல்லும்போது கூசத்தான் செய்தது, அதே கையால்தான் விளக்கு ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தாய் ஒன்றும் சொல்ல மாட்டாள். உன் நைனாவுக்கு இன்னும் தெரியாது.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நம் கூடத்தில் இதைப் பேசி முடிவெடுக்கிறோம். அஞ்சலையையும் வரச் சொல்லியிருக்கிறேன், வருகிறேன் என்றாள். என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் கேள்வி இந்த முறை எங்கள் கூடத்தையே கேட்கிறது, அதை யாரும் வெளியே தள்ளவில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை. நீ ஜெர்மனிக்காரர்களிடம் தேடினது இது இல்லையென்றால் வேறு எது? வயிற்றுப்பாட்டுக்கு பேங்க் பரீட்சை எழுதுகிறாய் என்றால் எழுது, நான் தடுக்க மாட்டேன். வெட்கத்துக்காக எழுதாதே. பேரை எடுக்கச் சொல்லி அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எதையும் எழுதிக் கொடுக்காதே. உன் நைனாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மைசூர்பாகு அப்படியே இருக்கிறது, அன்றைக்கு எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிடு. வள்ளி முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசிக்காதே, "லைட்டு போட்ட புள்ள எப்ப வருது?" என்று அவளே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்கு நான் கூடத்தில் உட்காருவேன். டீ நீ போடு. பேசப்பேச டம்ளர் காலியாகும், பார்த்துப் பார்த்து ஊற்று, அஞ்சலைக்கும் அதே டம்ளரில். மற்ற நேரம் அடுப்படியிலேயே நில். அங்கிருந்தால் எல்லாம் நன்றாகக் கேட்கும்.

அம்மா